மலர் நிலையைத் தாண்டிய குழந்தைக்கு என்ன பாடம்?

கேள்வி

ஆரணிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 31 பிள்ளைகள், எல்லாப் பாடமும் நான்தான் எடுக்கிறேன். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை மேலே கொண்டுவர எங்களுக்கு நிறையப் பயிற்சி தந்திருக்கிறார்கள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து நடத்துவதும் எங்கள் பள்ளியில் பழகிவிட்டது. மலரையும் தாண்டி நிற்கிற பிள்ளைக்கு என்ன நடத்துவது என்றுதான் தெரியவில்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். “முடிச்சிட்டேன் டீச்சர், அடுத்து?” என்று வந்து நிற்பாள். இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பேன். அதையும் முடித்துக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளாக மெதுவாகப் போடுகிறாள். சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்று கண்டுகொண்டாள் போலிருக்கிறது. இன்னொருவன் தறி நெய்கிற வீட்டுப் பையன். வகுப்பு நூலகத்தில் இருக்கிற புத்தகத்தை எல்லாம் படித்துத் தீர்த்துவிட்டான். ஒரு கதையைச் சொல்லச் சொன்னால் வகுப்பே வாய் மூடிக் கேட்கும். ஆனால் கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் காலி, தேர்வில் நடுத்தர மதிப்பெண்.

அந்தப் பெண்ணிடம் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று அவள் அம்மா கேட்கிறார். கணக்கிலும் தமிழிலும் இந்த இருவருக்கும் ஏற்றபடி பாடத்தை எப்படி அமைப்பது? தனி வகுப்பு நடத்த நேரம் இல்லை. மற்ற 29 பேரை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

— ஓர் இடைநிலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

“கொஞ்ச நாளாக மெதுவாகப் போடுகிறாள்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அதுதான். பத்து வயதில் ஒரு குழந்தை தன் வேகத்தை ஒளித்துக்கொள்ளப் பழகுகிறாள். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே போனால் அந்த வேகம் உண்மையாகவே மங்கிவிடும். இந்தப் பருவத்திலேயே இதை மாற்றியாக வேண்டும். தனி வகுப்பு இல்லாமலே மாற்றவும் முடியும்.

முதலில், எவற்றைச் செய்ய வேண்டாம் என்பது. அதே மாதிரிக் கணக்கை இன்னும் பத்து கொடுக்காதீர்கள். ஓடத் தெரிந்தவளை நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வது அது. பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘குட்டி டீச்சர்’ வேலையையும் தினமும் அவள் தலையில் கட்டாதீர்கள். எப்போதாவது செய்யட்டும், நல்லதுதான். ஆனால் அவளும் கற்றுக்கொள்ளத்தான் பள்ளிக்கு வருகிறாள். ஆறாம் வகுப்புப் புத்தகமும் இப்போது வேண்டாம். அதை ஒரு பருவத்தில் முடித்துவிடுவாள்; அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து ஆண்டு முழுக்கச் சலித்துப்போவாள். அவள் சிக்கல் தள்ளிப்போகுமே தவிரத் தீராது.

அவளுக்கு வேண்டியது, நீங்கள் இன்று நடத்துகிற அதே பாடத்தின் ஆழம். வகுப்பு முழுவதும் நுழையக்கூடிய வாசல், உள்ளே போகப் போக முடிவில்லாத வீடு: அப்படிப்பட்ட கேள்விகளைத் தேடுவதுதான் உங்கள் வேலை. ராமானுஜனின் பள்ளிப் பருவம் இதற்கு நல்ல சாட்சி. கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது அவர் கைக்கு வந்து சேர்ந்தது, ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த ஒரு நூல். ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை, இருந்த இடத்திலும் ஒரு குறிப்பு மட்டும்தான். ஏன் அப்படி என்பதை அவரே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேறொரு பையன் கையில் அது வெறும் குறிப்பேடாக இருந்திருக்கும். அவருக்கு அந்த வெற்றிடம்தான் பாடமாயிற்று.

அதே ராமானுஜன் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் தறிவீட்டுப் பையனுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். திறன் மிக்க பிள்ளை என்றால் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை என்று பள்ளிகள் எண்ணிக்கொள்கின்றன. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1978ல் எழுதிய கட்டுரையில் மூன்றைச் சொன்னார்: சராசரிக்கு மேற்பட்ட திறன், புதிதாக ஆக்கும் போக்கு, எடுத்த வேலையில் ஊன்றி நிற்கும் ஈடுபாடு. இந்த மூன்றும் ஒரு பொருளில் ஒன்றுகூடும்போதுதான் பெரிய திறன் வெளிப்படுகிறது என்றார். உங்கள் பையனுக்குக் கதையில் மூன்றும் கூடிவிட்டன. மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதற்காக நான் மகிழ்கிறேன்.

அடுத்தது நேரம். அது உங்களுக்கும் வேண்டும், அவர்களுக்கும் வேண்டும். சூசன் வைன்ப்ரென்னர் என்ற அமெரிக்க ஆசிரியை ஒரு வழி சொல்வார். எந்தச் செலவும் இல்லாத வழி. பாடப் பயிற்சியில் இருக்கிற கணக்குகளில் மிகக் கடினமான ஐந்தை நட்சத்திரமிட்டுக் குறித்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் அந்த ஐந்தை முதலில் போட்டுப் பார்க்கலாம். நான்கு சரியாக இருந்தால் மீதிப் பயிற்சியைச் செய்ய வேண்டியதில்லை. அந்த நேரம் அவர்களுடையது. இதை எல்லோருக்கும் பொதுவாக அறிவியுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு பிள்ளையும் ஒருநாள் அந்த ஐந்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். சீக்கிரம் முடித்தால் தண்டனை என்ற எண்ணமும் அந்தப் பெண்ணிடமிருந்து போய்விடும்.

கிடைத்த அந்த நேரத்தில் என்ன கொடுப்பது? கணக்குக்கு நான் ஒரே ஒரு பாடத்தை விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றை இதே அச்சில் நீங்களே செய்துகொள்வீர்கள்.

புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளி, 7ல் தொடங்கி 1 வரை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நோட்டில் புள்ளி வைக்கட்டும். நடுவரிசையில் ஏழு, மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் எத்தனை புள்ளி? ஒன்று இரண்டு என்று எண்ணுகிற பிள்ளையும் 25 என்று சொல்லும். வரிசை வரிசையாகக் கூட்டுகிற பிள்ளையும் சொல்லும். இதுதான் எல்லோருக்குமான வாசல். “எப்படி எண்ணினே?” என்று நாலைந்து பேரைக் கேட்டு, அத்தனை வழியையும் பலகையில் எழுதுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். விடையைவிட வழி முக்கியம் என்று வகுப்புக்குப் புரிவது இங்கேதான்.

இனிக் கொஞ்சம் உள்ளே போகலாம். 3லிருந்து 1 வரை, 5லிருந்து 1 வரை, 9லிருந்து 1 வரை என்றால் எத்தனை? ஒற்றைப் புள்ளியையும் சேர்த்துப் பட்டியல் போட்டால் 1, 5, 13, 25, 41 என்று வரும். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 4, 8, 12, 16. வகுப்பில் பாதிப் பேர் இதைப் பிடித்துவிடுவார்கள்; அடுத்தது 61 என்று வரையாமலே சொல்வார்கள். உங்கள் மாணவி ஒரு நிமிடத்தில் சொல்வாள். அப்போது அவளிடம் கேளுங்கள்: “சரி, 21 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை? நடுவில் இருக்கிற எதையும் கணக்கிடாமல் சொல்லு பார்ப்போம்.”

இங்கே அவள் நின்றுவிடுவாள். நிற்கட்டும். ஒரு நாள், இரண்டு நாள் ஆனாலும் சொல்லிவிடாதீர்கள். மிகவும் தவித்தால் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு சாக்பீஸ் மட்டும் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறமாக வரக்கூடாது என்று சொல்லுங்கள். 7 புள்ளிக் கோலத்தை அப்படி வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால், ஒரு நிறத்தில் நான்குக்கு நான்கு சதுரம் ஒன்று சாய்ந்து நிற்கும். அதன் இடைவெளிகளில் இன்னொரு நிறத்தில் மூன்றுக்கு மூன்று சதுரம். 16ம் 9ம் சேர்ந்து 25. அப்படியானால் 21 புள்ளிக்குப் பதினொன்றின் வர்க்கமும் பத்தின் வர்க்கமும்: 121, 100, மொத்தம் 221. விடையை அவளே கண்டுபிடித்துக்கொண்டு வரும்போது, முன்பு நோட்டை நீட்டிய அவசரம் அவள் முகத்தில் இருக்காது.

அதோடு நிறுத்தாதீர்கள், கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். “சரியாக 100 புள்ளியில் இப்படி ஒரு கோலம் போட முடியுமா?” முடியாது. ஏன் என்று அவள் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. அவற்றின் வர்க்கங்களும் அப்படியே. கூட்டினால் எப்போதும் ஒற்றைப்படைதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் வாயால் சொல்கிற நிரூபணம் இது. இப்படி ஒன்றைச் சொன்ன பிள்ளைக்கு நூறு பெருக்கல் கணக்கை விட்டுக்கொடுக்கலாம் என்பேன்.

பிறகு ஊடுபுள்ளி. சிலர் இடுக்குப் புள்ளி என்பார்கள். 7லிருந்து 4 வரை வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. அதற்குச் சிறியவை 5லிருந்து 3 வரை 19ம், 3லிருந்து 2 வரை 7ம், ஒற்றைப் புள்ளி 1ம். இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள்: 1, 8, 27, 64. கன எண்கள்! தரையில் தட்டையாகக் கிடக்கிற கோலத்துக்குள் கனசதுரம் எங்கிருந்து வந்தது? ஒரே அளவுள்ள சிறு கட்டைகளை அடுக்கி, மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று கனசதுரத்தை நான்காகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். மூன்று பக்கங்களில் மட்டும் ஓடு மாதிரிச் சேர்க்க வேண்டிவரும். அதற்குச் சரியாக 37 கட்டைகள் வேண்டும். அந்த ஓட்டை மூலைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தால் அறுகோணமாகத் தெரியும். இதை முழுக்க விளங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம், ஆகட்டும்.

கணக்குக்கு இன்னொன்று, சுருக்கமாக. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் காப்ரேகர். உங்களையும் என்னையும் போல வகுப்பு எடுத்தவர். ஒரு மூன்றிலக்க எண்ணின் இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாகவும், சிறிதிலிருந்து பெரிதாகவும் எழுதிக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே செய்ய வேண்டும். 352ல் தொடங்கினால் 297, 693, 594, பிறகு 495. அதற்கு மேல் நகராது. மூன்று இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணும் இங்கேதான் வந்து நிற்கும். நான்கிலக்க எண்கள் 6174ல் வந்து நிற்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கழித்தல் பயிற்சி வகுப்பு முழுவதற்கும் ஆயிற்று. நடுவில் எப்போதும் 9 வருவது ஏன், இரண்டிலக்க எண்கள் எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது ஏன் என்ற கேள்விகள் அந்தப் பெண்ணுக்கு.

தமிழுக்கு வருகிறேன். தமிழில் ஒரு பிள்ளை கெட்டி என்றால் நாம் உடனே குறள் ஒப்புவிக்க மேடையேற்றுகிறோம், அல்லது பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நினைவாற்றல் நல்லதுதான். ஆனால் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையனுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. அவன் யோசிக்க வேண்டும்; சந்தேகப்பட வேண்டும்; தான் சொல்வதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

கோவலன் கதையை வகுப்பில் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை, கதையைத் தன் சொல்லில் எழுதுவது. அவனுக்குக் கேள்வி வேறு. பொற்கொல்லன் சொன்னது எது, காவலர் கண்ணால் கண்டது எது, அரசன் தானாக எண்ணிக்கொண்டது எது? மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தீர்ப்புக்கு முன் அரசன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் யாவை? பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். அதனால் உண்மை வெளிப்பட்டது. இரண்டிலும் முத்தே இருந்திருந்தால் கண்ணகி எதைக் காட்டி வாதாடியிருப்பாள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. வகுப்பையே இரண்டாகப் பிரித்து வழக்காட வைக்கலாம். உங்கள் கணக்குப் பெண்ணையும் இதில் இழுத்துவிடுங்கள். ஆதாரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் அவளுக்கு இயல்பான கூர்மை இருக்கும்.

அவன் தறிவீட்டுப் பிள்ளை என்று எழுதினீர்கள். அது எவ்வளவு பெரிய வசதி! கரிசல் சீமையின் பேச்சு வழக்கைக் கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தார். அவர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், விவசாயி. அந்த அகராதியைப் பற்றிப் பையனிடம் சொல்லுங்கள். பிறகு, “நம்ம ஊர்த் தறிச் சொல்லுக்கு ஓர் அகராதி போடுவோமா?” என்று கேளுங்கள். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, படமரம், குழித்தறி, கோர்வை என்று அவன் வீட்டிலேயே ஐம்பது சொல் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பொருள், அந்தச் சொல்லை யார் எப்போது சொல்கிறார்கள், அவர்கள் வாயிலிருந்தே வந்த ஒரு வாக்கியம், ஒரு படம்.

இது எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். பட்டு நெய்யத் தெரியாத ஒருவருக்குக் ‘கோர்வை’ என்றால் என்ன என்று இரண்டு வரியில் புரியவைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கே வியர்க்கும். ஒரு சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கக்கூடாது, ‘அ’வை விளக்க ‘ஆ’வையும், ‘ஆ’வை விளக்க ‘அ’வையும் காட்டக்கூடாது, ஒரே சொல்லைப் பாட்டி ஒரு மாதிரியும் அப்பா ஒரு மாதிரியும் சொன்னால் இரண்டையும் பதிய வேண்டும். அகரவரிசைப்படுத்தும்போது ஒற்றெழுத்தை எங்கே வைப்பது என்ற சிக்கல் வரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இப்போது இணையத்தில் பார்க்கலாம். தன் ஊர்ச்சொல் அதில் இருக்கிறதா, இருந்தால் அதே பொருளில்தானா என்று அவன் தேடிப் பார்க்கட்டும். பேரகராதியில் இல்லாத ஒரு பொருளைத் தன் பாட்டி வாயிலிருந்து அவன் எடுத்துவிட்டால், அந்தப் பையனுக்குத் தமிழின் மேல் வருகிற உரிமை வேறு எந்தப் பரிசிலும் வராது.

முடிந்ததைத் தைத்து, அட்டை போட்டு, பள்ளி நூலகத்தில் வையுங்கள். அதிலிருந்து ஒரு பக்கத்தை நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த ‘ஊஞ்சல்’ இதழுக்கு அனுப்பலாம். ஆசிரியர் திருத்திவிட்டு மூடிவைக்கிற நோட்டுக்கு எழுதுவதும், முகம் தெரியாத வாசகருக்கு எழுதுவதும் ஒன்றாகாது. இரண்டாவதில் பிள்ளை தானாகவே மூன்று முறை திருத்தும்.

கடைசியாக இருவரையும் ஒரே பலகையில் உட்காரவைக்கும் ஒரு பாடம். கணக்கும் மொழியும் தனித்தனி என்று நாம்தான் பாடவேளை பிரித்து வைத்திருக்கிறோம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். வாக்கியத்தை விதிகளால் ஆக்குவதுபோலக் கோலத்தையும் விதிகளால் ஆக்கலாம் என்று காட்டிய அந்த ஆய்வு, கணினி அறிவியலில் எடுத்துப் பேசப்படுவது. உங்கள் வகுப்பில் நீங்கள் தலைகீழாகச் செய்யலாம்: இலக்கணத்திலிருந்து கணக்குக்குப் போகலாம்.

பிள்ளைகளின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை இடமிருந்து துண்டு போட வேண்டும். ஒரு குறிலுக்கு அடுத்து ஒற்று வராமல் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் அந்த இரண்டும் சேர்ந்து ஒரு துண்டு. மற்றபடி குறிலோ நெடிலோ தனித்தனித் துண்டு. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை எண்ண வேண்டாம். கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் பழகிவிடும். மீனா, கண்ணன்: இரண்டும் தனித்துண்டு. கவி-தா, முரு-கன்: முதலில் இரட்டை, பிறகு தனி. தேன்-மொழி, யா-ழினி: முதலில் தனி, பிறகு இரட்டை. மலர்-விழி: இரண்டுமே இரட்டை. நேர், நிரை என்ற பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகள் துண்டு போட்ட பிறகு, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று நான்கு பெட்டி வரைந்து, அவரவர் பெயரை அவரவர் பெட்டியில் எழுதவிடுங்கள். வகுப்பு முழுவதும் இதில் கலந்துகொள்ளும். தமிழரசி என்ற பெயர் எந்தப் பெட்டியிலும் அடங்காது. அதற்கு மூன்று துண்டு. பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

அப்படியானால் மூன்று துண்டுப் பெயர்களுக்கு எத்தனை பெட்டி வேண்டும்? எட்டு. நான்கு துண்டுக்கு? பதினாறு. மேல்வகுப்பில் ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு என்று மனப்பாடம் செய்யப்போகிற வாய்பாட்டை, ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டிரண்டாகப் பெருகும் எண்ணாக உணர்ந்துவிடுகிறார்கள். வாய்பாட்டுப் பெயர்கள் மறந்தாலும் எண்ணிக்கை ஏன் அப்படி வருகிறது என்பது மறக்காது.

இங்கிருந்து இருவருக்கும் சேர்த்து ஒரு கேள்வி. ஒற்றை விட்டுவிட்டு எண்ணினால் ஓரெழுத்துக்கு ஒரே அமைப்பு: தனி. ஈரெழுத்துக்கு இரண்டு: தனி-தனி, அல்லது இரட்டை. மூன்றெழுத்துக்கு மூன்று. நான்கெழுத்துக்கு? ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்ததால் நான்கு என்றுதான் இருவரும் சொல்வார்கள். எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வரும். ஐந்தெழுத்துக்கு எட்டு. அடுத்தது 13 என்று எண்களை அவள் பிடித்துவிடுவாள். ஆனால் ஏன் முந்தைய இரண்டையும் கூட்ட வேண்டும்? பெயரின் கடைசித் துண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தனியாக இருந்தால் அதற்கு முன்னே ஓரெழுத்துக் குறைந்த பெயர். இரட்டையாக இருந்தால் ஈரெழுத்துக் குறைந்த பெயர். இந்தக் காரணத்தைத் துண்டு போடுவதில் கைதேர்ந்த பையன் முதலில் பார்த்துவிடவும் கூடும். இதே எண்களைப் பாட்டின் குறில் நெடில் அளவை எண்ணும்போது 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் என்ற அறிஞர் எழுதிவைத்தார். அவற்றுக்குத் தன் பெயரைத் தந்த இத்தாலியின் பிபனாச்சியின் நூல் 1202ல்தான் வந்தது. கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் காலியாக வைத்திருக்கிற பையனுக்கு, செய்யுளிலிருந்து பிறந்த கணக்கு ஒன்று இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இந்த மாதிரி வேலையில் அந்தப் பெண் முதல் முறையாகத் தடுமாறுவாள். அழவும் செய்யலாம். இதுவரை யோசிக்காமலே விடை வந்த பிள்ளைக்கு யோசிக்க வேண்டியிருப்பதே தோல்வி மாதிரித் தோன்றும். அந்த நேரத்தில் “நீ கெட்டிக்காரி, உனக்கு வரும்” என்று தேற்றாதீர்கள். முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வயதினரிடம்தான் நடந்தது. அறிவாளி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்துத் தங்களுக்கு எளிதாக வரக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகளோ கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிற வேலையை எடுத்தார்கள். ஆகவே, “நேத்து பட்டியல் போட்டே, இன்னிக்கு நிறம் மாத்திப் பார்த்தே, அடுத்து என்ன பண்ணலாம்?” என்று அவள் செய்ததைச் சொல்லிக் கேளுங்கள். இந்த வேலைகளுக்கு மதிப்பெண் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே நிற்கிறாள் என்று கேட்டால் போதும்.

பையனிடம் ஒன்றைப் பாருங்கள். கணக்கை வாயால் கேட்டால் சொல்கிறானா? சொல்லிவிட்டு எழுதாமல் விடுகிறான் என்றால் சிக்கல் கணக்கில் இல்லை, எழுதுவதிலோ பார்வையிலோ இருக்கலாம். திறன் மிக்க பிள்ளைகளிடம் இத்தகைய குறைபாடு நன்றாக மறைந்து கிடக்கும். சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடுவார்கள். கண் பரிசோதனை செய்யுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்கு வரும்போது அவன் நோட்டைக் காட்டுங்கள். அதுவரை அகராதி வேலையை அவன் சொல்லச் சொல்ல வேறொரு பிள்ளை எழுதலாம்.

பள்ளியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த அம்மா நம்புகிறார். அங்கேயும் சீக்கிரம் முடித்தால் இன்னும் பத்துக் கணக்குத்தான் என்றால் என்ன பயன்? ஒரு நாள் அவரைப் பள்ளிக்கு வரச்சொல்லி, 100 புள்ளியில் ஏன் கோலம் போட முடியாது என்று மகளை விளக்கச் சொல்லுங்கள். போட்டித் தேர்வு வேண்டும் என்றால், சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறி போட்டி இருக்கிறது; ஏழு, எட்டாம் வகுப்புக்கான அதன் நிலைக்குக் காப்ரேகர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு வரும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அந்த வகுப்புகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

தலைமையாசிரியர் சொன்ன ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். அவளுக்கு ஏதாவது தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்கட்டும், பாடமாக நடத்த வேண்டாம். முதல் மாதத்துக்குக் கணக்கில் கோலமும், தமிழில் அகராதியும் போதும். அசைப் பாடத்தை, குறில் நெடில் வேறுபாடு 31 பேருக்கும் உறுதியான பிறகு எடுங்கள். இல்லையென்றால் அந்த இருவருக்கு மட்டுமான விளையாட்டாகப் போய்விடும்.